மாறாத ஐந்து

“கணவனின் வயது x என்க, மனைவியின் வயது y என்க” என்று கரும்பலகையில் எழுதிய கணக்கு டீச்சர் மரகதவல்லி, அதன் கீழே x − y = 5 என்று போட்டாள்.

“எத்தனை வருஷமானாலும் அந்த அஞ்சு மாறாதுல்ல டீச்சர்?” என்று கேட்டாள் முதல் பெஞ்ச் ஜெசிந்தா.

“எப்படி மாறும்? ரெண்டு பேருக்கும் சேந்துதானே வயசு ஏறுது!”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இறந்துபோன கணவரின் வயது ஐம்பத்திரண்டிலேயே நின்று ஐந்து வருஷமாகிறது. அவளுக்கு இன்று காலையில்தான் ஐம்பத்திரண்டு பிறந்தது. பாயசம் காய்ச்சி, அவர் படத்துக்கு முன்னால் ஒரு கரண்டி வைத்துவிட்டு, மிச்சத்தைத் தனியாகக் குடித்துவிட்டு வந்திருந்தாள்.

ஐந்தைத் துடைத்துவிட்டுப் பூஜ்ஜியம் போட்டாள்.

“அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே வயசா டீச்சர்?”

“ஆமா. இந்த ஒரு வருஷம் மட்டும்.”