வெங்காயக் கலர் கார்

1987. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். அது தொடங்குவதற்கு முந்தின நாள், வெற்றிவேல் தன் வாழ்க்கையின் முதல் காரைத் திருடினான்.

அதுவரை அவன் பம்ப்செட் மெக்கானிக். தியாகதுருகத்து நாராயணசாமியின் கரும்பு ஆலைக் கொட்டகைக்கு மோட்டார் பழுது பார்க்கப் போனவன், வைக்கோல் போருக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் ஒரு கறுப்பு மோரிஸ் மைனரைப் பார்த்துவிட்டான். ஊரில் ஒருவருக்கும் தெரியாத கார். பெரிய மனுஷர், கண் பட்டுவிடும் என்று மூடி வைத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டான்.

சேலத்தில் ஒரு மில் முதலாளி பழைய கார்களை வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒரே நிபந்தனை, கார் பிறந்த கலரில் இருக்க வேண்டும். அவரிடம் தள்ளிவிட்டால் சொந்தமாக ஒரு பட்டறை வைக்கலாம். பட்டறை வைத்தால்தான் பெண் தருவேன் என்று எழில்மதியின் அப்பா ஒற்றைக்காலில் நின்றார். ஆசை யாரை விட்டது?

கள்ளக்குறிச்சியில் பழைய காரின் பிறந்த கலரைக் கண்டுபிடிக்க இருசப்பனை விட்டால் ஆள் கிடையாது. பெயிண்டைப் பற்றித் தவிர வேறு எதையும் கேட்காத மனிதர். அவர் ஷெட்டில் காரை விட்ட மறுநாள் ரோடு அடைபட்டது. புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. போலீசுக்கு அதைக் கவனிக்கவே நேரம் சரியாக இருந்தது. வெற்றிவேலுக்குக் கொண்டாட்டம்.

டாஷ்போர்டுக்குப் பின்னால், வெயிலே படாத இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு இருசப்பன் உப்புத்தாளால் தேய்த்தார்.

“கறுப்பு பொறந்த கலரு இல்ல தம்பி. எவனோ அவசரத்துல பூசிட்டு போயிருக்கான்.”

தண்ணீர் விட்டு மேலும் தேய்த்தார். கறுப்பு கரைந்து, ரோஸும் இல்லாமல் செம்பும் இல்லாமல் ஒரு நிறம் எட்டிப் பார்த்தது. அசல் வெங்காயச் சருகு.

“இன்னாங்க இது?”

“அதான் எனக்கும் புரியல. கம்பெனிக்காரன் இந்தக் கலர்ல வுட்டதே கெடையாது. ஆனா தகரம் வரிக்கும் தேச்சிட்டேன். இதுக்கு அடியில வேற ஒண்ணும் இல்ல.”

“அப்ப அதையே அடிச்சிடுங்க” என்றான் வெற்றிவேல். அவனுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கறுப்புக் காரைத் தேடுகிறவன் வெங்காயக் கலர் காரைத் திரும்பியா பார்க்கப் போகிறான்?

இருசப்பன் லேசில் விடவில்லை. கலக்கிய பெயிண்டைத் தகரத்தில் தடவி, காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். எட்டு டப்பா வீணானது. ஒன்பதாவது டப்பாவில், பழசு எங்கே முடிகிறது புதுசு எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே தெரியவில்லை. அன்றைக்குத்தான் அவர் முழுச் சாப்பாடு சாப்பிட்டார்.

இதற்கிடையில் வெற்றிவேல் தினமும் டீக்கடையில் காது கொடுத்துக் கேட்டான். நாராயணசாமி புகார் கொடுத்ததாகப் பேச்சே இல்லை. ரோடு அடைபட்டுக் கிடக்க, மனுஷர் ஸ்டேஷனுக்கு எப்படி வருவார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மறியல் முடிந்தது. மரங்களை ஓரம் தள்ளினார்கள். சேலம் ரோட்டில் சீட்டியடித்துக்கொண்டு காரை ஓட்டிப் போனவனை, சப்-இன்ஸ்பெக்டர் தமிழரசன் கை காட்டி நிறுத்தினார். காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பானெட்டைத் தடவிப் பார்த்தார்.

“யார் வூட்டு காரு?”

வெற்றிவேல் ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பித்தான். “எங்க வூட்டுதுங்க சார். எங்க தாத்தா புதுசா வாங்கினது. முப்பத்தஞ்சு வருஷமா கலர் கூட மாத்தினதில்லீங்க.”

“ஏட்டய்யா, எழுதிக்குங்க” என்று சிரித்தார் தமிழரசன். “தம்பி, எங்கப்பா சங்கராபுரத்துல டாக்டரு. கல்யாணமான புதுசுல இந்தக் காரை வாங்கி, பெயிண்டையெல்லாம் சுரண்டிட்டு, எங்கம்மா கூரைப் புடவை கலர்ல அடிச்சாரு. ஜில்லாவுலயே ஒண்ணுதான். அறுபத்திரண்டுல வாசல்ல நின்ன காரு காணாமப் போச்சு. எனக்கு அப்ப ஏழு வயசு. மூணு நாள் அழுதேன்.”

வெற்றிவேல் காரிலிருந்து குதித்து இறங்கினான். “சார், நா அறுபத்திமூணுல பொறந்தவன் சார்!”

“அதனால இன்னா? ஒங்க தாத்தா இருக்காரு இல்ல? அவரைக் கூப்புட்டு விசாரிக்கிறோம்.”

பாவம், எறும்பைக்கூட மிதிக்காத தாத்தா. வெற்றிவேல் தடாலென்று காலில் விழுந்தான்.

“சார், சத்தியமா நாந்தான் சார் திருடன்! போன வாரம் தியாகதுருகத்துல, நாராயணசாமி கொட்டகையிலேர்ந்து ஓட்டிக்கினு வந்தேன். அப்ப கறுப்பா இருந்திச்சி சார். நம்புங்க சார்!”

திருடன் என்று நம்பச் சொல்லிக் கெஞ்சிய முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும். தமிழரசன் ஏட்டை ஜீப்பில் ஏற்றித் தியாகதுருகத்துக்கு அனுப்பினார்.

“நாராயணசாமிகிட்ட, கறுப்பு காரு எதுனா திருடு போச்சான்னு மட்டும் கேளுங்க. வேற ஒரு வார்த்த பேசாதீங்க.”

ஏட்டு போய்விட்டுத் திரும்பி வந்தார்.

“நீங்க சொன்ன மாதிரி கறுப்பு காரைப் பத்தித்தாங்க கேட்டேன். மனுஷன், வெங்காயக் கலர் காரை என் ஆயுசுல கண்ணாலயே பாத்ததில்லன்னு கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்றாருங்க!”