தையல்காரம்மா லேப்டாப் வாங்கினார்

லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து, அடிப்பக்கத்துத் திருகாணிகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

கடைப்பெண் என்னைப் பார்த்தாள். நான் கையை விரித்தேன்.

அடுத்து மூடியைத் திறந்தார். மூடினார். திறந்தார். மூடினார். பத்துத் தடவையாவது இருக்கும். ஒவ்வொரு தடவையும் காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார்.

“கீல்தான் சார் முதல்ல போகும். எந்த மெஷினா இருந்தாலும் அசையுற இடத்துலதான் சீக்கு வரும்.”

இருபத்திரண்டு வருடம் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவர். வயது நாற்பத்தாறு. தபால் வழியில் படித்துப் பட்டம் வாங்கியவர். திங்கட்கிழமை சட்டக் கல்லூரியில் முதல் நாள்.

கோர்ட்டில் வாசல் காவலர் முதல் நீதிபதியின் டைப்பிஸ்ட் வரை அவரைத் தையல்காரம்மா என்றால்தான் தெரியும். நான் வக்கீல். நான்கு வருடம் வாய்தாவுக்கு வாய்தா அவரைப் பார்த்தவன். அந்தப் பழக்கத்தில்தான், லேப்டாப் சமாச்சாரமெல்லாம் தனக்குப் புரியாது, கூட வர முடியுமா என்று போனில் கேட்டார்.

புரியாதாம்.

வேண்டியதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். சட்டைப் பையை விட்டு அந்தச் சீட்டு வெளியே வரவே இல்லை.

எனக்குப் பிடித்தது வெள்ளி நிறத்தில் மெலிசாக இருந்த ஒன்று. அவர் அதை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற புடவை மாதிரி இருக்கிறது, தான் தினமும் பஸ்ஸில் இடிபட்டுப் போகிறவள் என்று திரும்ப வைத்துவிட்டார்.

கறுப்பாக, கொஞ்சம் தடிமனாக இருந்த ஒன்றின் பக்கம் போனார். விசைகளின் மேல் விரலை ஓட்டினார், தையல் நேராக விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது போல.

சார்ஜ் எட்டு மணி நேரம் நிற்கும் என்றாள் கடைப்பெண்.

வெளிச்சத்தை முழுசாக வைத்தா, குறைத்து வைத்தா? சும்மா திறந்து வைத்திருந்தா, வேலை செய்துகொண்டா? புதிதிலா, ஒரு வருடம் கழித்தா? உங்கள் வீட்டில் இதே லேப்டாப் இருக்கிறதா?

குரல் உயரவில்லை. சிரித்த முகமாகத்தான் கேட்டார். கடைசிக் கேள்விக்குக் கடைப்பெண் தன்னையறியாமல் தலையாட்டிவிட்டாள்.

“எத்தனை மணி நேரம் நிக்குதும்மா?”

“அஞ்சு.” சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

எனக்குக் கோர்ட்டில் அவர் குறுக்கு விசாரணை செய்த அந்த நாள் ஞாபகம் வந்தது.

தொழிற்சாலையில் ஒரு மத்தியானம் புகை. பின்கதவு பூட்டியிருந்தது. சாப்பிடப் போன சூப்பர்வைசரிடம் சாவி. தையல்காரம்மா இஸ்திரிப் பெட்டியால் பூட்டை அடித்து உடைத்தார். அறுபத்து மூன்று பெண்கள் வெளியே வந்தார்கள். ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை.

அடுத்த வாரம் கம்பெனி அவரை வேலையை விட்டு அனுப்பியது. சொத்துக்குச் சேதம் விளைவித்தாராம்.

வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. தானே வாதாடினார். சட்டப் புத்தகங்களை நூலகத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு வருவார்.

சூப்பர்வைசர் சாட்சிக் கூண்டில் ஏறிய அன்று இரண்டே கேள்விகள் கேட்டார். கதவுக்கு எத்தனை சாவி? ஒன்று. புகை வந்தபோது அது எங்கே இருந்தது?

சூப்பர்வைசர் மேலே சுற்றிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தையல்காரம்மா மூன்றாவது கேள்வி கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

பெரிய பெரிய வக்கீல்களே அந்த இடத்தில் நிறுத்த மாட்டார்கள். ஜெயித்துவிட்ட துள்ளலில் இன்னும் ஒன்றைக் கேட்டு, கையில் வந்ததைக் கெடுத்துக்கொள்வார்கள். நானாக இருந்தால் கட்டாயம் கேட்டிருப்பேன். முப்பது வருடத் தொழிலில் அப்படியொரு நிறுத்தத்தை நான் பார்த்ததில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அன்று சாயங்காலமே போய்ச் சட்டக் கல்லூரி விண்ணப்பம் ஒன்று வாங்கினேன். மறுநாள் கோர்ட் வராந்தாவில் அவர் கையில் கொடுத்தேன். அங்கேயே நின்றபடி முன்னும் பின்னும் படித்துவிட்டு, பைக்குள் வைத்துக்கொண்டார்.

கறுப்பு லேப்டாப்பையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஐந்து மணி நேரம் என்று உண்மை தெரிந்துவிட்டது, அதற்குத் தகுந்த மாதிரி படித்துக்கொள்ளலாம் என்றார்.

கடைப்பெண் அட்டைப்பெட்டியை ஒட்டிக்கொண்டே, என் தோளில் கிடந்த வக்கீல் கோட்டைப் பார்த்துக் கேட்டாள்:

“அம்மா உங்க கட்சிக்காரங்களா சார்?”

நான் தொண்டையைச் செருமினேன். தையல்காரம்மா முந்திக்கொண்டார்.

“இல்லம்மா. என்னை வேலையை விட்டுத் தூக்கினது சரிதான்னு கம்பெனிக்காக நாலு வருஷம் வாதாடின வக்கீல் இவரு.”

ஒட்டுகிற கை பாதியில் நின்றது.

குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. சொந்தக்காரரை அறிமுகப்படுத்துகிற மாதிரி சொல்லிவிட்டு, உத்தரவாத அட்டையை எடுத்து அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தார்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.