எண்ணெய் வந்த வழி

"சொந்த வீட்டு அடியில என்ன கசியுதுன்னு தெரியாமலா இத்தனை வருஷம் இருந்தீங்க, டோரீன்?"

மண் மாசைச் சோதித்துச் சான்று தரும் உரிமம் பெற்ற வால்ட் பச்செக்கோ, வீடு வாங்க வந்தவர்கள் முன்னாலேயே கேட்டார். நிலவறைச் சுவரில், வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் வடிந்திருந்தது.

"மண்ணுக்கடியில இருந்த என் எண்ணெய்த் தொட்டியை எப்பவோ தோண்டி எடுத்தாச்சு, வால்ட்!"

"எல்லாரும் சொல்றதுதான்."

வாங்க வந்தவர்கள் மெல்ல நழுவினார்கள்.

மறுநாள் வால்ட் மண்ணைத் துளையிட்டுப் பார்த்தபோது எண்ணெய்ச் சுவடு சரிவில் மேலேறி, வேலியைத் தாண்டி மேட்டு வீட்டுக்குப் போனது. மறைத்தால் உரிமம் போய்விடும். வால்ட் மாநிலச் சுற்றுச்சூழல் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, மேட்டு வீட்டுத் தொட்டியிலிருந்து எண்ணெய் கசிவதாகச் சொன்னார்.

"கசிவுக்குப் பொறுப்பு யாருங்க?"

"வால்ட் பச்செக்கோ."

"அது சோதிச்ச உங்க பேரு. நான் கேக்குறது, மேட்டு வீட்டுக்காரர் பேரு."

"அதுவும் நான்தாம்மா."

பக்கத்தில் நின்ற டோரீனை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.