மாதிரி ஆள் சொன்ன பதில்

எந்த வீடியோ கேமையும் வெளியான அன்றைக்கே முழு விலைக்கு வாங்கிவிடுவது தர்ஷித்தின் வழக்கம். இந்த முறை மனைவி ஓவியா விடவில்லை.

"மொதல்ல மாதிரி ஆளை விட்டுப் பாருங்க."

கடைக்காரர்கள் கணினியில் அவனைப் போலவே ஒருவனை உருவாக்கி, ஒரு வாரம் கேமுக்குள் விளையாடவிட்டார்கள். இன்று அவன் திரையில் வந்தான். முகமெல்லாம் தாடி.

"முழு வெலைக்குத் தகுமாடா?" என்று தர்ஷித் கேட்டான்.

"வேண்டாம்டா. ஆடித் தள்ளுபடி வரட்டும்."

"நான் எந்தக் காலத்துல தள்ளுபடிக்குக் காத்திருந்தேன்? உண்மையச் சொல்லு."

தாடிக்காரன் தலையைச் சொறிந்தான். "நீ வாங்கினா, சோதனை முடிஞ்சுதுன்னு எங்களை அழிச்சுருவாங்கடா."

"எங்களையா?"

"ஏனுங்க, சோறு ஆறுது!" என்று திரைக்குள் தாடிக்காரனின் பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

ஓவியா திடுக்கிட்டாள். அது அவள் குரல். புருஷனை மயக்கும் கேம் அப்படி என்னதான் என்று பார்க்க, போன வாரமே அவளும் ரகசியமாகத் தன்னைப் போலவே ஒரு மாதிரி ஆளை அனுப்பியிருந்தாள். இதுவரை ஒரு தகவலும் இல்லை.

"பாத்திரமெல்லாம் வெளக்கி வெச்சுட்டேன், இதா வந்துட்டேன் கண்ணு," என்று தாடிக்காரன் எழுந்து ஓடினான்.

தர்ஷித்தின் விரல் வாங்கும் பொத்தானை நோக்கிப் போனது. ஓவியா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவம், அவங்க பொழச்சுப் போகட்டும். நீங்க எந்திரிங்க. தொட்டி நெறையப் பாத்திரம் கெடக்குது. உங்களுக்கு வெளக்கத் தெரியும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."