உசிரு இருக்கு

“‘எஞ்சிய’ன்னா என்னங்க சார், எஞ்சினா?”

கேட்ட கடைக்காரம்மாவைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், கொள்கை வரைவைப் படித்துக்காட்டிக்கொண்டிருந்த பேராசிரியர்.

மின்சார வண்டிகளிலிருந்து கழற்றப்படும் பழைய பேட்டரிகளை நாடு முழுவதும் எப்படிக் கையாள்வது என்று தேசியக் கொள்கை எழுதும் குழு அது. ஏழு மாதமாகக் கூடிக் கூடிப் பேசி, இன்றுதான் கடைசிக் கூட்டம். பேட்டரியைத் தூக்குகிற, பிரிக்கிற ஆட்கள் தரப்பில் ஒருவராவது வந்து பேசட்டும் என்று, பழைய பேட்டரிக் கடை நடத்தும் அந்த அம்மாவை அழைத்திருந்தார்கள். வந்ததிலிருந்து அவர் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார். கூப்பிட்டதற்கு நன்றி, நாற்காலிக்கு நன்றி, தண்ணீருக்கு நன்றி. மின்விசிறிக்கு மட்டும்தான் பாக்கி.

“‘எஞ்சிய’ன்னா மிச்சம் இருக்கிறதும்மா. சார்ஜ் இன்னும் உள்ள இருக்குன்னு அர்த்தம். அந்த மாதிரி பேட்டரி மேல எல்லாம் ‘எஞ்சிய மின்னூட்டம் உள்ளது’ன்னு ஒட்டணும். பதினாலாவது பிரிவுல எழுதியிருக்கோம்.”

“நல்ல விஷயம் சார், ரொம்ப நன்றி. ஆனா போன மாசம் இதே எழுத்தை ஒட்டித்தான் ஒரு லோடு வந்துச்சு. என் தம்பி எழுத்துக்கூட்டிப் படிச்சான். ‘ஏதோ எஞ்சின் சாமான் போலக்கா’ன்னு சொல்லிட்டு மெஷினை வச்சு வெட்டிட்டான்.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

“வலது கை வெந்துபோச்சு சார். தொடையில இருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்காங்க. ஆள் பொழைச்சானே, அதுவே பெரிசு. அந்த டாக்டருக்குத் தினமும் நன்றி சொல்றேன்.”

பேராசிரியரின் குரல் தணிந்தது. “நீங்க என்னம்மா எழுதுவீங்க?”

“‘உசிரு இருக்கு’ன்னு சாக்பீஸ்ல எழுதிடுவோம் சார். சார்ஜ் சுத்தமா இல்லேன்னா ‘செத்துடுச்சு’. எங்க தொழில்ல எல்லாக் கடையிலயும் இதான். உசிரு இருக்குன்னு போட்டிருந்தா எவன் சார் வெட்டுவான்? தொடவே யோசிப்பான். அதையே உங்க சட்டத்துல போட்டுட்டீங்கன்னா, கம்பெனிக்காரங்களும் அப்படியே எழுதி அனுப்புவாங்க. இன்னொருத்தன் கை வேகாது. அவ்ளோதான் சார் நான் கேட்க வந்தது.”

“அம்மா, இது நாட்டோட கொள்கை. பேட்டரிக்கு உசிரு இருக்குன்னு எழுதினா படிக்கிறவங்க சிரிப்பாங்களே!”

“சிரிச்சுட்டுப் போகட்டும் சார். சிரிச்சா கை வேகாது.”

பேராசிரியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, குழுத் தலைவரான செயலாளர் பக்கம் திரும்பினார். முடிவு அவர் கையில்தான். மனிதர் கறாரானவர். ஒற்று மிகாத கோப்பை ஒப்பமிடாமல் திருப்பி அனுப்புகிறவர். அவரிடம் போய் ‘உசிரு’வா? அந்தச் சொல்லின் ஆயுசு கெட்டி இல்லை என்று பேராசிரியர் நினைத்துக்கொண்டார்.

செயலாளர் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

“எங்க எழுதுவீங்க? மேலயா, பக்கவாட்டுலயா?”

“மேலதாங்க ஐயா.”

“எவ்ளோ பெரிசா?”

“ஒரு சாண் எழுத்துங்க. தூரத்துல இருந்தே தெரியணும்ல?”

“சாக்பீஸ் அழிஞ்சுடாதா?”

“மழை பட்டா போயிடும்ங்க. தூசி, மண்ணுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது.”

“முதல்ல யார் இப்படி எழுத ஆரம்பிச்சது?”

“அது யாருக்குங்க தெரியும்? ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதினதுதான்.”

“உங்க தொழில்ல யாருக்குமே தெரியாதா?”

திருடனை விசாரிப்பது போல் அடுக்கிக்கொண்டே போனார். கடைக்காரம்மாவின் முகம் சுண்டிவிட்டது. மெல்ல எழுந்துகொண்டார்.

“தப்பா ஏதும் பேசியிருந்தா மன்னிச்சுடுங்க ஐயா. எங்களையும் ஒரு ஆளா மதிச்சுக் கூப்பிட்டீங்க. அதுக்கே நான் காலத்துக்கும் நன்றி சொல்லணும்.”

செயலாளர் சிவப்புப் பேனாவை எடுத்தார். பதினாலாவது பிரிவில் ‘எஞ்சிய மின்னூட்டம் உள்ளது’ என்பதை ஒரே கோடாக அடித்தார். அதன் மேலே ‘உசிரு இருக்கு’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பேராசிரியர் பதறிவிட்டார். “சார், அது பேச்சு வழக்கு!”

“இருக்கட்டும்.”

“‘உயிர் உள்ளது’ன்னாவது…”

“ஒரு எழுத்துகூட மாறக் கூடாது.”

கடைக்காரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “ஐயா, இந்த நன்றியை எப்படிச் சொல்றதுன்னே தெரியலைங்க!”

“நீங்க சொல்லாதீங்கம்மா,” என்று செயலாளர் எழுந்து நின்றார். “சொல்ல வேண்டியவன் நான். மூணு வருஷமா யாருக்குச் சொல்றதுன்னு தெரியாமத் தேடிக்கிட்டிருந்தேன்.”

“எங்களுக்கா? எதுக்குங்க ஐயா?”

“ஒருநாள் ஒரு பழைய பேட்டரிக் கிடங்கு அப்படியே சரிஞ்சு தெருவுல விழுந்துச்சு. அடியில யாரும் இல்லேன்னு முடிவு பண்ணி, இடிபாட்டை வழிச்சு அள்ள பொக்லைனைக் கொண்டுவந்துட்டாங்க. அப்ப மண்ணுல கிடந்த ஒரு பேட்டரி மேல உங்க ரெண்டு வார்த்தையைப் பார்த்த தீயணைப்புக்காரர் ஒருத்தர், கீழ ஆள் உசிரோட இருக்குன்னு தன்னோட ஆளுங்கதான் அடையாளத்துக்கு எழுதி வச்சிருக்காங்கன்னு நினைச்சு, பொக்லைனை நிறுத்தச் சொல்லிட்டுக் கையாலயே தோண்ட ஆரம்பிச்சுட்டார்,” என்றார் செயலாளர். “அந்த பேட்டரிக்கு அடியில நான் இருந்தேம்மா.”