தெருவெல்லாம் தும்மல்

வறுத்து இடித்து, நெய் சேர்த்துக் கடை ஜாடியில் ஊறப்போட்ட மூக்குப்பொடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தை பிறந்ததும் அது தவில்காரர் அய்யாக்கண்ணுவின் வெள்ளி டப்பிக்குள் போகப்போகிறது.

“மூடியண்ணே, காரம் ஏறிடுச்சான்னு பார்க்கணும். ஒரே ஒரு தடவை திறங்களேன்.”

“தை வரைக்கும் திறக்கக் கூடாதுன்னுதானே அடைச்சாங்க?” என்றது மூடி. ஆனால் அதற்கும் ஆசைதான். லேசாக நகர்ந்து கொடுத்தது.

சுவரில் இருந்த பல்லி தும்மியது.

“தும்மிடுச்சு, தும்மிடுச்சு!” என்று பொடி குதித்தது.

மறுநாள் பூனை தும்மியது. அப்புறம் பால்காரர், தபால்காரர், கடைக்கு வந்தவர், சும்மா அந்தப் பக்கம் போனவர் என்று எல்லாரும் தும்மினார்கள். ஒவ்வொரு தும்மலுக்கும், “இன்னும் கொஞ்சம் திறங்கண்ணே” என்றது பொடி. மூடி இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

தை பிறந்தது. அய்யாக்கண்ணு ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடிக் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு சிட்டிகை இழுத்தார்.

“என்னய்யா இது, அடுப்புச் சாம்பலா?” என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, காலி டப்பியை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

பொடி கொஞ்சமும் அசரவில்லை.

“அவருக்கு மூக்கு சரியில்லைண்ணே. தெருவில யாரை வேணும்னாலும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்க” என்றது.