டல்லாஸ்காரியின் குறட்டை

பாட்டெழுதும் கணவனின் முதல் ஆல்பத்தைக் கேட்டு முடித்த மனைவி, ஹெட்போனைக் கழற்றி வீசினாள்.

"சிகாகோ, பாஸ்டன், டல்லாஸ்! அமெரிக்காவுல ஊருக்கு ஒருத்தியா? ரெக்கார்டிங்னு மாசக்கணக்கா வெளிநாடு போனதெல்லாம் இதுக்குத்தானா?"

"இல்லம்மா, நான் சொல்றதை..."

"பேசாதீங்க! சிகாகோக்காரிக்குக் கன்னத்துல குழியாம். பாஸ்டன்காரி கோபத்துலயும் அழகாம். அந்த டல்லாஸ்காரி விடுற குறட்டையில கூரையே அதிருதாம். நல்லா வேணும் உங்களுக்கு! நான் பெட்டியைக் கட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போறேன்."

கணவன் கதவை மறித்தான்.

"மூணு பாட்டுக்கும் உன் பேரைத்தான் வெச்சிருந்தேன். ஒரே பேர்ல மூணு பாட்டு விக்காதுன்னு கம்பெனிக்காரர்தான் அமெரிக்க ஊர் பேரா மாத்திட்டார்."

அவள் முகம் மலர்ந்தது. மறுகணமே கண்கள் சிவந்தன.

"அப்போ அந்தக் குறட்டை?"

கணவன் மெல்லக் கதவை விட்டு விலகினான்.

"என் பெட்டி இருக்கட்டும். உங்க பெட்டியைக் கட்டுங்க!"